ஒரு சொல்லுக்கு ஒரு கொப்பி

அவரோடு வேலை செய்த நாலு வருடத்தில், விளங்காத ஒன்றுக்கு அவர் தலையாட்டி நான் கண்டதில்லை. நானோ விளங்காதவற்றுக்குத்தான் கூடுதலாகத் தலையாட்டுகிறவன். எங்கள் இரண்டு பேரையும் ஆண்டவர் ஒரே லோன்றிக்குள் கொண்டுவந்து விட்டார்.

ரெய்னர்ஸ் லேனில், எங்கள் வீட்டிலிருந்து கால்மணி நேர நடையில், வயதானவர்களைப் பராமரிக்கிற இல்லம் ஒன்று இருந்தது. அதன் பின்பக்கத்தில் லோன்றி, உடுப்புத் தோய்க்கிற அறை. இரண்டு பெரிய மெஷின், நீளமான ஒரு மேசை, ஒரேயொரு யன்னல். நான் தோய்ப்பேன். அவர் அயன் பண்ணுவார், கழன்ற பொத்தான்களைத் தைப்பார், யாருடைய உடுப்பு எந்த அறைக்கு என்று பிரித்துக் கொண்டுபோய் அலுமாரியில் தொங்கவிடுவார். கட்டையான மனிசி. தலைமயிரை ஆம்பிளைகள் மாதிரி வெட்டியிருப்பார். கையில் ஆம்பிளை மணிக்கூடு. காதில் எப்போதும் ஒரு பென்சில்.

ஸ்லோவேனியா என்ற அவருடைய நாடு ஐரோப்பிய யூனியனோடு சேர்ந்த வருடம் அவர் லண்டனுக்கு வந்தார். மகள் இங்கே கலியாணம் செய்து இருந்தா. மகளின் பிள்ளையைக் காலையில் நேசரிப் பள்ளியில் விட்டுவிட்டு வேலைக்கு வருவார். நான் மன்னாரிலிருந்து ஜேர்மனிக்குப் போய், பதினாலு வருடம் அங்கே கோப்பை கழுவிவிட்டு, பிள்ளைகளின் படிப்புக்காக லண்டனுக்கு வந்தவன். அவரும் எல்லை தாண்டிப் போய் ஒஸ்திரியாவில் ஹோட்டல் வேலை பார்த்தவர். ஆகவே இங்கிலீசு நாட்டில் இருந்துகொண்டு நாங்கள் இரண்டு பேரும் ஜேர்மன் பாஷையில் கதைத்தோம். அவர் பேசியதாக இங்கே எழுதுவதெல்லாம் அந்தப் பாஷையில் பேசியதுதான். என் காதில் அது எப்படி விழுந்ததோ அப்படி எங்கள் பேச்சில் எழுதுகிறேன். என்னைவிட எட்டு வயது மூத்தவர் என்பதால் நான் அக்கா என்றேன். அதற்கு மறுசொல் என்னவென்று கேட்டு, எழுதி வைத்துக்கொண்டு, அவர் என்னைத் தம்பி என்றார். அவருடைய பெயரை எழுதவில்லை. அவரிடம் கேட்காமல் எழுதினால் அவருக்குப் பிடிக்காது.

அவர் வந்த முதல் நாள் நடந்தது நல்ல ஞாபகம். எங்கள் சூப்பர்வைசர் ஜமேக்கா நாட்டுப் பெண்மணி, வாய் நிறைய டார்லிங் என்று கூப்பிடுகிறவர். அவர் புதிதாக வந்தவரைக் கூட்டிக்கொண்டு வந்து சுவரிலும் போத்தல்களிலும் இருந்த அறிவிப்புகளைக் காட்டினார். கதவைச் சாத்தியே வைத்திரு. இந்த வழியில் ஒன்றும் வைக்காதே. ஈரம் படாமல் வை. பிள்ளைகளின் கைக்கு எட்டாமல் வை. இங்கிலீசில் நாலிலும் முதல் சொல் ஒன்று. கீப்.

"எல்லாம் விளங்கிச்சா டார்லிங்?" என்றார் சூப்பர்வைசர்.

நான் என்றால் முதலாவதிலேயே யெஸ் சொல்லியிருப்பேன். அக்கா சுவரைத் திரும்பவும் ஒருமுறை பார்த்துவிட்டு, "நோ" என்றார். பிறகு, எனக்கு ஜேர்மன் தெரியும் என்று காலையிலேயே அறிந்திருந்தபடியால், என் பக்கம் திரும்பி, "என்ன, இந்த ஆக்களுக்குச் சொல்லுப் பஞ்சமோ? ஒரு சொல்லை வைச்சே நாலு வேலை வாங்கினம்" என்றார்.

அடுத்த நாள் ஒரு பள்ளிக்கூடக் கொப்பி வாங்கிக்கொண்டு வந்தார். அந்த ஒரு சொல்லுக்கு மட்டும் அந்தக் கொப்பி. பக்கத்துக்கு ஒரு அர்த்தம். மேலே இங்கிலீசு. அதன் கீழே அவருடைய பாஷையில் அதற்குச் சரியான சொல். அதற்கும் கீழே, அந்த அர்த்தத்தை எங்கே கண்டார், எப்போது கண்டார், யார் செய்யக் கண்டார் என்பது. அகராதியைப் பார்த்து எழுதினால் ஒரு பின்னேரத்தில் முடிகிற வேலை. அகராதி அவரிடம் இருந்தது. ஆனால் தன் கண்ணால் காணாத அர்த்தத்தை அவர் எழுதமாட்டார்.

"அகராதியில கிடக்கிறது செத்த மீன். நான் துடிக்கிறதைப் பாக்கவேணும்" என்பார். மன்னாரானுக்கு அந்த நியாயம் உடனே விளங்கியது.

பால் பெட்டியில் குளிரில் வைக்கவும் என்று இருந்ததைக் கண்டு 'ஹ்ரானித்தி' என்று எழுதினார். அவர்களின் பாஷையில் பத்திரப்படுத்தி வைப்பதற்கும் சாப்பாடு ஊட்டுவதற்கும் அந்த ஒரே சொல்தானாம். ஒரு கிழவி பேரனுக்குத் தந்த சொக்கிலேட்டை அவன் திருப்பிக் கொடுக்க, நீயே வைத்துக்கொள் என்று சொன்னதைக் கேட்டு 'ஒப்தர்ஜாத்தி' என்று எழுதினார். வாயை மூடிக்கொண்டிருப்பதற்கு அவர்களிடம் தனியாகவே ஒரு சொல் இருந்தது, 'மொல்ச்சாத்தி'. அதை எழுதுவதற்கு அவருக்கு அரை நாள்கூடப் பிடிக்கவில்லை. சூப்பர்வைசர் என்னைப் பார்த்து கீப் குவயட் என்று சொல்லிவிட்டார்.

உடம்பைக் கட்டாக வைத்திருப்பது என்ற அர்த்தத்துக்கு மூன்று மாதம் காத்திருந்தார். ஒரு செவ்வாய்க்கிழமை, பெரிய ஹோலில் கிழவிகள் கதிரைகளில் வட்டமாக இருந்து, ஒரு சிவப்புப் பந்தைக் கைமாற்றிக் கைமாற்றி எறிந்துகொண்டிருந்தார்கள். அக்கா மடித்த துவாய்க் கூடையோடு வாசலில் நின்று கடைசிக் கிழவியின் கைக்குப் பந்து வரும்வரை பார்த்தார். பிறகு கூடையைக் கீழே வைத்துவிட்டு, காதிலிருந்த பென்சிலை எடுத்தார்.

இந்தப் பிடிவாதம் எல்லா நேரமும் சிரிக்கிற மாதிரி இருக்காது. ஒருமுறை எல்லாரும் கையெழுத்து வைக்கவேண்டுமென்று நாலு பக்கப் படிவம் வந்தது. நான் நின்ற நிலையில் மெஷினுக்கு மேலே வைத்துக் கையெழுத்துப் போட்டேன். அவர் வீட்டுக்குக் கொண்டுபோய் மூன்று நாள் வைத்திருந்தார். சூப்பர்வைசருக்கு டார்லிங் என்ற சொல்லே மறந்துபோயிற்று.

"நீர் என்னத்துக்குக் கையெழுத்து வைச்சனீர்?" என்று அக்கா என்னைக் கேட்டார்.

"தெரியாது அக்கா."

"தெரியாமல் எப்பிடி வைச்சனீர்?"

"எல்லாரும் வைச்சவை."

அவர் என் கையை ஒரு நிமிடம் பார்த்துக்கொண்டிருந்தார். ஏதோ அது என்னுடையது இல்லை என்பதுபோல.

இன்னொன்றும் சொல்லவேண்டும். எங்களோடு வேலை செய்த ஒரு பிள்ளை வேறு வேலைக்குப் போகும்போது, தொடர்பிலே இருப்போம் என்று இங்கிலீசில் சொல்லி இரண்டு பேரையும் கட்டிப்பிடித்துவிட்டுப் போனது. அதிலும் அந்தச் சொல் வருகிறது. அக்கா கடைசிப் பக்கத்தில் பென்சிலால் அந்தப் பிள்ளையின் பெயரையும் திகதியையும் எழுதினார். ஒரு வருடத்துக்குப் பிறகும் அது அப்படியே கிடந்தது. "அவ மறந்திருப்பா அக்கா" என்றேன். "அவ மறக்கலாம். எனக்குச் சொன்னவ, நான் எப்பிடி மறக்கிறது?" என்றார். இந்த மனிசி போகிற வருகிறவர்களின் உபசார வார்த்தையையெல்லாம் இப்படிச் சேர்த்துக்கொண்டு எப்படி வாழ்கிறா என்று நினைத்தேன்.

அவரும் எங்களைப்போல வேதக்காரர். தபசுகாலத்தில் ஒரு வெள்ளிக்கிழமை இரண்டு பேரும் மத்தியானச் சாப்பாட்டை விட்டுவிட்டு இருந்தோம். இதற்கும் இங்கிலீசில் கீப் என்றுதான் சொல்வார்களாம். "எங்கட பாஷையில விரதத்தை 'தர்ஜாத்தி' எண்டுறது. கையால இறுக்கிப் பிடிக்கிறது. உங்கட பாஷையில?" என்று கேட்டார்.

"ஒருசந்தி பிடிக்கிறது" என்றேன். பிடிக்கிறது என்றால் என்னவென்று அயன் பெட்டியைப் பிடித்துக் காட்டினேன்.

அவருக்கு வந்த சந்தோசத்தைப் பார்க்கவேண்டும். "பாத்தீரே, நீங்களும் பிடிக்கிறனீங்கள்!" அன்றிலிருந்து தமிழும் கேட்கத் தொடங்கினார். "ஒருத்தருக்குச் சொன்ன வார்த்தை இருக்குதே, அதையும் நாங்கள் பிடிக்கிறதுதான். அதே தர்ஜாத்தி. நீங்கள்?"

யோசித்துப் பார்த்தேன். "நாங்கள் காப்பாத்துறது. சொன்ன சொல்லைக் காப்பாத்துறது."

"காப்பாத்துறது எண்டால்?"

"தண்ணிக்குள்ள விழுந்தவனைக் காப்பாத்துறது மாதிரி."

அவர் ஒரு சட்டையின் கழுத்தை அயன் பண்ணினார். பிறகு கேட்டார்: "அப்ப உங்கட ஊரில வார்த்தை எப்பவும் தண்ணிக்குள்ளயோ விழுந்து கிடக்குது?"

நான் சிரித்தேன். அவர் சிரிக்கவில்லை. கொப்பியில் அந்த அர்த்தத்துக்கு மேலே இங்கிலீசும் கீழே அவருடைய சொல்லும் எழுதியிருந்தார், யாரிடம் கண்டது என்ற இடம் மட்டும் வெறுமையாக இருந்தது. "இரண்டு வருசமா வெறுமையாத்தான் கிடக்குது" என்றார்.

வீட்டில் இதைச் சொன்னபோது மனைவி வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தா. எங்கள் ஆட்கள் அந்த இங்கிலீசுச் சொல்லை ஒரேயொரு அர்த்தத்தில்தான் பாவிப்பார்கள், அது வீட்டில் சத்தமாகச் சொல்லக்கூடிய அர்த்தம் அல்ல. "நாப்பத்தஞ்சு வயசில, மாதா படத்துக்கு முன்னால இருந்து கீப்பைப் பற்றிப் படிக்கிறார் மனிசன்! ஆரும் கேட்டால் என்ன நினைப்பினம்?" என்றா.

இனிப் பன்னிரண்டாம் அறைப் பெரியவரைப் பற்றிச் சொல்லவேண்டும்.

அவருக்கு எண்பது தாண்டியிருந்தது. மனைவி இல்லை, பிள்ளைகள் இல்லை. இளவயதில், யுத்தக் காலத்தில், கடற்படையில் சேர்ந்து திருகோணமலையில் இருந்தவர். ஒருநாள் என் சாப்பாட்டுப் பெட்டியின் மணம் மேல்மாடிவரை போய் அவருடைய மூக்கில் ஏறிவிட்டது. லிஃப்டில் இறங்கி, சக்கரக் கதிரையை உருட்டிக்கொண்டு லோன்றி வாசலுக்கே வந்துவிட்டார்.

"தேங்காய்ப்பால். மீன். சரிதானே?" என்றார்.

ஒரு கரண்டி கொடுத்தேன். கண்ணை மூடிக்கொண்டு சாப்பிட்டார். திருகோணமலையில் ஒரு மீன்காரர் வீட்டில் ஞாயிற்றுக்கிழமைகளில் தனக்குச் சோறு போட்டார்கள் என்றார். அதன் பிறகு அவர் என்னைக் காணும்போதெல்லாம் அந்தக் கதைதான். ஒரு வியாழக்கிழமை அவருடைய அறையில் யன்னல் சீலையை நான் மாற்றிக்கொண்டிருந்தேன். அக்கா அலுமாரியில் சட்டைகளைத் தொங்கவிட்டுக்கொண்டிருந்தார். பெரியவர் சொன்னார்:

"சாகிறதுக்கு முன்னம் ஒருக்கா, தட்டில் கொண்டுவந்து மடியில் வைக்கிற சாப்பாடு இல்லாமல், ஒரு வீட்டில், ஒரு மேசையில் இருந்து அந்தச் சோற்றைச் சாப்பிடவேணும்."

"அதுக்கென்ன, எங்கட வீட்ட வாங்கோ" என்றேன். "வாற ஞாயிறே வாங்கோ. நானே வந்து கூட்டிக்கொண்டு போறன்."

"எத்தனை மணிக்கு?"

"பதினொரு மணிக்கு."

இதை வாசிக்கிற எங்கள் ஆட்களுக்கு நான் விளக்கத் தேவையில்லை. கோயில் வாசலில், கலியாண மண்டபத்தில், கடைத்தெருவில் ஒரு நாளைக்கு எத்தனை பேரை நாங்கள் வீட்டுக்குக் கூப்பிடுகிறோம்! கட்டாயம் வாங்கோ என்போம். கட்டாயம் வாறம் என்பார்கள். கூப்பிட்டவரும் அடுப்பு மூட்டுவதில்லை, கூப்பிடப்பட்டவரும் சப்பாத்துப் போடுவதில்லை. அது ஒரு மரியாதை. கூப்பிடாமல் விட்டால்தான் குறை. அந்த மரியாதையைத்தான் நான் பெரியவருக்கும் செய்தேன். அவர் நேரம் கேட்டபோது நேரமும் சொன்னேன், மரியாதை இன்னும் வடிவாக இருக்கட்டும் என்று.

வெள்ளிக்கிழமை அக்கா கேட்டார்: "ஞாயிறு அவருக்கு எந்தச் சட்டை?"

"நீலச் சட்டை நல்லாயிருக்கும்" என்றேன், உடுப்பை மெஷினுக்குள் தள்ளிக்கொண்டே.

அந்த ஞாயிறு காலை பூசைக்குப் போனோம். பூசை முடிந்து மச்சானின் பிள்ளைக்கு ஞானஸ்நான விருந்து. மூன்று மணியளவில், தட்டில் சோறு போடும்போது, பெரியவரின் நினைப்பு வந்ததுதான். பொய் சொல்லமாட்டேன். மறந்திருப்பார் என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டு, மேலே குழம்பை ஊற்றினேன்.

திங்கட்கிழமை நான் போனபோது அக்கா வழக்கம்போல நிமிர்ந்து பார்க்கவில்லை. "மோர்கன்" என்று ஜேர்மனில் காலை வணக்கம் சொன்னேன். பதில் இல்லை. மூன்று சட்டை முடியும்வரை பேசவில்லை. பிறகு அயன் பெட்டியை நிமிர்த்தி வைத்துவிட்டுச் சொன்னார்.

"நேற்று எனக்கு வேலை. பத்து மணிக்கே அவரை முன்வாசலுக்குக் கொண்டுபோய் விட்டனான். நீலச் சட்டை, டை, கோட்டு, தொப்பி. பன்னிரண்டு மணிக்குச் சாப்பிடக் கூப்பிட்டவை. வேண்டாம், எனக்கு வெளியில சாப்பாடு எண்டிட்டார். கோட்டைக் கழட்டச் சொல்லி நான் கேட்டன். அவன் வரேக்க ஆயத்தமா இருக்கவேணும் எண்டார். நாலு மணிக்குத்தான் பொத்தானைக் கழட்ட விட்டவர். நான்தான் கழட்டினனான்."

நான் மெஷின் கதவைத் திறந்து, திரும்ப மூடினேன்.

"சொன்ன வார்த்தையை நீங்கள் காப்பாத்துறது எண்டனீரே. நேற்று அது தண்ணிக்குள்ள விழுந்த நேரம் நீர் எங்க நிண்டனீர் தம்பி?"

கொப்பியைத் திறந்து காட்டினார். புதிய ஒரு பக்கம். பெரியவர் நாலு மணிக்குக் கோட்டைக் கழற்றும்போது, என்னவோ அவனைத் தடுத்துவிட்டது என்று சொன்னாராம். அதற்கும் இங்கிலீசில் அந்தச் சொல்தான். அக்கா 'ஸதர்ஜாத்தி' என்று எழுதி, கீழே ஞாயிற்றுக்கிழமையின் திகதியையும் என் பெயரையும் எழுதியிருந்தார். அவ்வளவு பெரிய கொப்பியில் என் பெயர் இருந்தது அந்த ஒரு இடத்தில்தான்.

என் வாழ்க்கையில் மாதம் தவறாமல் சுவாமியாரிடம் பாவசங்கீர்த்தனம் செய்கிறவன் நான். கோபம், பொய், பூசைக்குப் பிந்திப் போனது, எல்லாம் சொல்லியிருக்கிறேன். கட்டாயம் வாறன் என்று சொல்லிவிட்டுப் போகாமல் விட்ட வீடுகளை ஒருநாளும் சொன்னதில்லை. அது பாவம் என்ற எண்ணமே எனக்கு வந்ததில்லை.

மேலே பெரியவரிடம் போனேன். போகிற வழியில் படிக்கு ஒரு பொய்யாக மூன்று பொய் ஆயத்தமாயிற்று. கார் பழுது. பிள்ளைக்குக் காய்ச்சல். மனைவிக்குத் தலையிடி. கதவைத் தள்ளினால், "வாரும், வாரும். என்ன தடுத்தது உம்மை?" என்று சிரித்துக்கொண்டு கேட்கிறார். அவரே எனக்கு ஒரு வாசலைத் திறந்து விடுகிறார், நான் உள்ளே நுழைந்தால் போதும். எனக்குப் பின்னால் அக்கா சட்டைகளோடு வந்து நின்றார். அவர் அங்கே நிற்காவிட்டால் என்ன சொல்லியிருப்பேன் என்று எனக்குத் தெரியாது.

"ஒண்டும் தடுக்கேல்லை ஐயா" என்றேன். "நான் யோசிக்காமல் சொல்லிப்போட்டன். மன்னிக்கவேணும்."

பெரியவர் என்னைப் பார்த்தார். கோபம் இல்லை. "அப்ப, யோசித்து ஒருமுறை சொல்லும்" என்றார்.

அதற்குப் பிறகு, யோசித்துச் சொல்வது என்றால் எவ்வளவு வேலை என்று கண்டேன். மனேஜரிடம் போய் அனுமதி கேட்டேன். அவர் படிவம் ஒன்று தந்தார். அன்றைக்கு நானும் அதை வீட்டுக்குக் கொண்டுபோய் முழுக்க வாசித்தேன். ஐந்து மணிக்குள் திருப்பிக் கொண்டுவரவேண்டும். உப்பைக் குறைக்கவேண்டும். முள் இல்லாத மீன். வீட்டில் மனைவி தலையில் கைவைத்தா.

"வெள்ளைக்காரக் கிழவரோ? எங்கட வீட்டையோ? வீடு கிடக்கிற கிடையைப் பாருங்கோ! உறைப்புத் தின்னுவாரோ? ஏதும் நடந்தால் ஆர் பொறுப்பு?"

"நான்தான் பொறுப்பு. கையெழுத்து வைச்சிட்டன்."

"வாசிச்சோ?"

"ஓம், வாசிச்சுத்தான்."

மனைவி என்னை ஒரு மாதிரிப் பார்த்துவிட்டு, வீட்டைக் கூட்டத் தொடங்கினா.

ஆனால் வியாழக்கிழமை பெரியவருக்குச் சளி பிடித்தது. அந்த ஞாயிறு வெளியே விடமுடியாது என்றார் மனேஜர். அடுத்த ஞாயிறும் இருமல் குறையவில்லை. கட்டிலில் படுத்தபடி என்னைப் பார்த்துக் கையை அசைத்தார். எனக்குப் பயம் பிடித்தது. கூப்பிட்ட முதல் ஞாயிறு அவர் சுகமாக இருந்தார், கோட்டும் போட்டிருந்தார். நான் விருந்தில் இருந்தேன். அந்த ஞாயிறு திரும்பி வராமலே போய்விட்டால்? அந்த இரண்டு கிழமையும் செபமாலையில் ஒரு மணியை அவருக்கென்று ஒதுக்கினேன். மாதாவே, இவருக்குச் சுகத்தைக் கொடும், எனக்காகவும்தான் கேட்கிறேன் என்று ஒளிக்காமல் சொன்னேன். அக்கா ஒவ்வொரு சனிக்கிழமையும் அந்த நீலச் சட்டையைத் திரும்ப அயன் பண்ணினார். அந்த இரண்டு கிழமையும் யாரும் போடாத சட்டை அது.

மூன்றாவது ஞாயிறு வெயில் எறித்தது. மனேஜர் சம்மதித்தார். பத்தே முக்காலுக்கு நான் முன்வாசலுக்குப் போனேன். பெரியவர் கோட்டும் தொப்பியுமாக இருந்தார். பக்கத்தில் அக்கா, வேலை இல்லாத நாளில், தன்னுடைய நல்ல சட்டையைப் போட்டுக்கொண்டு நின்றார்.

"உம்மில நம்பிக்கை இல்லாமல் வரேல்லை. சக்கரக் கதிரையை நீர் சரியாத் தள்ளமாட்டீர். அதுக்குத்தான்" என்றார்.

வழியில் நடைபாதையை வெட்டி வைத்திருந்தார்கள். இடப்பக்கமாகப் போகவும் என்று ஒரு பலகை. அதிலும் அந்தச் சொல். நான் அக்காவைப் பார்த்தேன். "அது எப்பவோ எழுதியாச்சு. நேரம் போகுது, தள்ளும்" என்றார்.

மேசையில் சோறு, விளைமீன் குழம்பு, பருப்பு, கத்தரிக்காய்ப் பொரியல், அப்பளம். மனைவி பெரியவருக்கு முள்ளுக்கரண்டி வைத்திருந்தா. அவர் அதை மெல்ல அப்பால் தள்ளிவிட்டு, கோட்டைக் கழற்றித் தரும்படி கேட்டார். நீலச் சட்டையின் கையை மடித்தார். விரல் நுனியால் சோற்றைப் பிசைந்து, கட்டைவிரலால் தள்ளி வாயில் வைத்தார். ஒரு பருக்கைகூட உள்ளங்கையில் ஒட்டவில்லை.

"ஐயோ, மனிசனுக்குக் கை தெரியுது!" என்று மனைவி தமிழில் கத்திவிட்டா.

பெரியவர் இரண்டாம் முறை குழம்பு கேட்டார். அக்கா அவரையே பார்த்துக்கொண்டிருந்தார். "ஹ்ரானித்தி" என்று எனக்கு மட்டும் கேட்கச் சொன்னார். வைத்திருப்பதும் ஊட்டுவதும் ஒரே சொல் என்று அன்றைக்குச் சொன்னாரே, அது. ஆனால் கொப்பியை எடுக்கவில்லை. எனக்கோ என் பெயர் அந்த வெறுமையான இடத்தில் விழவேண்டும் என்று ஒரு சின்னப்பிள்ளை ஆசை.

"எழுதேல்லையோ அக்கா?"

"அஞ்சு மணிக்குள்ள கொண்டுபோய் விடுறன் எண்டு கையெழுத்து வைச்சனீர். இன்னும் மூண்டு மணிதான் ஆகுது."

திரும்பிப் போகும்போது பெரியவர் கதிரையிலேயே நித்திரையாகிவிட்டார். தொப்பியை அக்கா தன் கையில் வைத்துக்கொண்டு நடந்தார். அப்போதுதான் தன்னைப் பற்றிச் சொன்னார். அவருடைய கணவர் தேனீ வளர்த்தவராம், பதினாறு கூடு. சாகும்போது, இவற்றைக் கைவிடாதே என்று கேட்டாராம். இவரும் சரி என்றாராம்.

"ஒரு வருசம் பாத்தன். பிறகு மகள் தனியக் கஷ்டப்பட்டாள். கூடுகளைப் பக்கத்து வீட்டானுக்குக் குடுத்திட்டு இஞ்ச வந்திட்டன். தேனீக்களுக்கு ஒரு குறையும் இல்லை, அவன் நல்லாத்தான் பாக்கிறான். தேனீ கோட்டுப் போட்டுக்கொண்டு வாசலில இருக்காது. ஆனால் சரி எண்டு சொன்னது நான்தானே. அதுதான் அந்தப் பக்கத்தில என்ர பேரை எழுத ஏலாமல் இருந்தது. ஆற்றையாவது பேர் வரட்டும் எண்டு பாத்துக்கொண்டிருந்தனான்."

நான் கதிரையைத் தள்ளினேன். விளங்காத எதற்கும் அவர் ஏன் சரி சொல்வதில்லை என்று அன்றைக்குத்தான் எனக்கு விளங்கியது.

ஐந்து மணிக்குப் பத்து நிமிடம் இருக்கும்போது முன்வாசலில் போய் நின்றோம். பெரியவர் கண் விழித்து, தான் எங்கே இருக்கிறார் என்று பார்த்து, என் கையைப் பிடித்து ஒருமுறை அழுத்திவிட்டு உள்ளே போனார். அக்கா சுவரில் சாய்ந்து நின்று, காதிலிருந்த பென்சிலை எடுத்து, தர்ஜாத்திக்குக் கீழே திகதியையும் என் பெயரையும் எழுதினார். பக்கத்தில் தமிழில் காப்பாற்று என்று என்னைக்கொண்டு எழுதுவித்தார். ஒவ்வொரு எழுத்தாகப் பார்த்துப் பார்த்து எழுதினேன். அந்த நாலு பக்கப் படிவத்தில் வாசியாமல் கையெழுத்து வைத்த அதே கை.

பெரியவர் பிறகும் இரண்டுமுறை வந்து சாப்பிட்டார். அடுத்த வருடம் பனிக்காலம் முடியும்போது கர்த்தருக்குள் போய்ச் சேர்ந்தார். எங்கள் தமிழ்ப் பூசையில் அவருடைய பெயரைச் சொல்லி ஒப்புக்கொடுத்தோம். அக்காவும் வந்து, ஒரு சொல்லும் விளங்காமல், கடைசிவரை முழந்தாளில் இருந்தார்.

மகளின் பிள்ளை பெரிய பள்ளிக்கூடம் போகத் தொடங்கியதும் அக்கா ஊருக்குத் திரும்பினார். பக்கத்து வீட்டான் இரண்டு கூடு திருப்பித் தருவானாம், கேட்டுவிட்டாராம். கடைசி நாள் பஸ் தரிப்பில் நானும் மனைவியும் போய் நின்றோம். கொப்பியை எனக்குத் தருவார் என்று உள்ளுக்குள் ஒரு எண்ணம் இருந்தது. தரவில்லை. அது அவருக்குத் தேவை, இன்னும் பக்கங்கள் இருந்தன.

"ஓகஸ்ட் பதினைஞ்சு மாதா திருநாள்" என்றார். "உங்கட மடு மாதா கோயிலிலயும் அண்டைக்குத்தானே. எங்கட ஊரிலயும் பெரிய திருநாள். மலையில கோயில். நீரும் குடும்பமும் வாங்கோ. என்ர வீட்டில தங்கலாம்."

கட்டாயம் வாறம் அக்கா என்ற சொல் என் பல்லுக்குப் பின்னால் வந்து நின்றது. மனைவியின் முகத்திலும் அதுவே தெரிந்தது, வாயைத் திறந்தேவிட்டா. நான் அவவின் கையைப் பிடித்தேன்.

"தெரியாது அக்கா" என்றேன். "பிள்ளையளின்ர படிப்பு, லீவு, ஒண்டும் சொல்ல ஏலாது. வரவேணும் எண்டு ஆசை இருக்குது. வருவம் எண்டு சொல்லமாட்டன். எங்களைப் பாத்துக்கொண்டு இருக்கவேண்டாம்."

பிரிகிற நேரத்தில் சொல்கிற கதையா இது என்று மனைவி பிறகு என்னோடு ஒரு கிழமை சண்டை. ஆனால் அக்காவின் முகம் மலர்ந்ததை நான் கண்டேன். இரண்டு கையாலும் என் தலையைப் பிடித்து நெற்றியில் முத்தமிட்டு, "நன்றி தம்பி" என்றார். பஸ் வந்தது. ஏறிப்போனார்.

அதற்குப் பிறகு எத்தனையோ ஓகஸ்ட் பதினைந்து வந்து போய்விட்டது. ஒவ்வொரு வருடமும் திருநாள் பூசையில் அவரை நினைக்கிறேன். நான் இன்னும் போகவில்லை. ஆனால் அந்த மலையூரில், ஒரு வாசலில், எனக்காக யாரும் கோட்டுப் போட்டுக்கொண்டு காத்திருக்கவில்லை. அதற்காகவும் ஆண்டவருக்கு நன்றி சொல்லிவிட்டுத்தான் முழந்தாளிலிருந்து எழும்புகிறேன்.